வீட்டுப் பொட்டிக்கு எத்தனை ஜிபி போதும்?

தில்லியில் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும், முதல் ஃபோன் பொட்டி தட்டிப் பிழைக்கும் ஆசாமி ஒருவருக்குத்தான் வரும். கேள்வியும் ஒன்றேதான். "சார், ரேம் எவ்வளவு போடலாம்? 8 போதுமா, இல்ல 32 போட்டுடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. என் கட்சி என்ன என்பதை மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் தீர்ப்பு, பிறகு வாதம். இன்று புதிதாக வாங்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி போதும். ஊரில் அப்பா அம்மாவுக்கு என்றால் 8. பெரும்பாலான வீடுகளுக்கு 32 என்பது தண்டச் செலவு.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "என்கிட்ட 512 ஜிபி மெமரி இருக்கே, அப்புறம் ஏன் ஸ்லோ?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 512 ஸ்டோர் ரூம். அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாம் அங்கே இருக்கும். ரேம் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சமையல் மேடை. பிராசஸர்தான் அடுப்பு. மேடை குறுகலாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும், சமையல் தாமதமாகும். அதற்காக இரண்டு பேர் சமையலுக்குக் கல்யாண மண்டபத்து மேடை கட்டினால் சாம்பார் சீக்கிரம் கொதிக்காது. ரேம் விஷயமும் அவ்வளவுதான். தேவைக்குக் குறைந்தால் பொட்டி படுத்துவிடும். தேவைக்கு மேல் போட்டால் சும்மா கிடக்கும்.

தேவை வளரவில்லையா என்றால், வளர்ந்திருக்கிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன குறைந்தபட்சம் 64 எம்பி. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. சரியாக 64 மடங்கு. குறைந்தபட்சம் என்றால் பொட்டி எழுந்து உட்காரும், நடக்காது. விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்கிறது. மேலே குரோமைத் திறந்தால், டேப்களைத் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டும். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் அதற்கும் மெமரி வேண்டும். அதனால்தான் 8 ஜிபி இப்போது இழுத்துப் பிடித்து ஓட்டும் அளவு, 16 நிம்மதியான அளவு. ஆப்பிள்கூட 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப மாடலை 8-லிருந்து 16-க்கு மாற்றிவிட்டது.

சரி, உங்கள் வீட்டுக்கு எவ்வளவு? ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். வீட்டில் அதிக வேலை நடக்கும் ஒரு சாயங்காலம், பையனின் ஆன்லைன் வகுப்பு, தங்கமணியின் எக்செல், ஊருக்கு வீடியோ கால், பதினைந்து டேப் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். 'அவைலபிள்' என்ற இடத்தில் 2, 3 ஜிபி மிச்சம் இருந்தால் உங்களுக்கு ரேம் பிரச்சினையே இல்லை. அப்போதும் மெதுவாக ஓடினால் குற்றவாளி வேறு ஆள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு ஆன்டிவைரஸ், விசிறியில் அடைத்த தில்லித் தூசி, இதில் ஒன்றாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி மாற்றுங்கள், பொட்டிக்குப் புது உயிர் வரும். மிச்சம் சில நூறு எம்பி மட்டுமே காட்டி, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

16 ஜிபி பொட்டியில் பாதிக்கு மேல் உபயோகத்தில் இருப்பதாகக் காட்டினால் பதற வேண்டாம். இடம் நிறைய இருந்தால் விண்டோஸும் பிரவுசரும் காலை நீட்டி உட்காரும். நெருக்கடி வந்தால் மடக்கிக்கொள்ளும்.

நேரு பிளேஸ் போனால் வேறு பாட்டு கேட்கும். "பாய்சாப், 32 லே லோ, ஃபியூச்சர் ப்ரூஃப்!" இப்போது கூடவே "ஏஐ வந்துடுச்சு" என்பதும் சேர்ந்துகொண்டது. சாட்ஜிபிடி ஓடுவது அவர்களுடைய டேட்டா சென்டரில். உங்கள் வீட்டில் அது இன்னொரு டேப், அவ்வளவே. ஏஐ மாடலையே வீட்டுப் பொட்டியில் இறக்கி ஓட்டுபவர், 4கே வீடியோ வெட்டி ஒட்டுபவர், ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் விர்ச்சுவல் மெஷினுமாக வேலை செய்பவர், இவர்களுக்கு 32 நியாயம். பள்ளிப் பாடம், வருமான வரிக் கணக்கு, ஊர் போட்டோக்கள் என்று இருக்கும் வீட்டுக்கு எதற்கு?

முன்பெல்லாம் "இப்ப 8 போடு, அப்புறம் விலை இறங்கினதும் இன்னொரு 8 போட்டுக்கலாம்" என்று தைரியமாகச் சொல்வோம். அந்தத் தைரியம் இப்போது இல்லை. உலகத்து ரேம் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில். அவர்கள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் திரும்பியதால் 2025 கடைசியில் விலை எகிறியது. வீட்டு வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. இதைக் காரணம் காட்டி 32-க்குப் பாயாதீர்கள் என்பதுதான் என் வாதம். பொருள் விலை ஏறியிருக்கும்போது தேவைக்கு மேல் வாங்குவது இரட்டை நஷ்டம். அந்த வித்தியாசத்தில் குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பரில் ஊருக்குப் போய் வந்துவிடலாம்.

கடையில் "எத்தனை ஜிபி" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இது போர்டிலேயே ஒட்டியதா, ஸ்லாட் இருக்கா?" மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைச் சால்டர் செய்துவிடுகிறார்கள். அதில் 8 வாங்கினால் கடைசிவரை 8-தான். அங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 16-ஆகவே எடுங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் 8-ல் ஆரம்பிப்பதிலும் தப்பில்லை. டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஊரில் இருக்கும் பழைய பொட்டி. "அப்பாவோட கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, 8 ஜிபி வாங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு மாற டிபிஎம் 2.0-வும், அது ஏற்கும் பிராசஸரும் வேண்டும். அவை இல்லாத பொட்டியில் எத்தனை ரேம் போட்டாலும் வழி திறக்காது. அதே பொட்டியில் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். பேரப்பிள்ளை முகம் பார்க்கவும் தமிழ்ப் பேப்பர் படிக்கவும் அது போதும். ஆனால் அந்தப் பொட்டியில் வங்கிக் கணக்கும் பார்க்கிறார் என்றால், பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸை மட்டும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். தூரத்தில் இருக்கும் நாம் கவலைப்பட வேண்டியது ரேமை விட அதைப் பற்றித்தான்.

டிஸ்கி: கேம் ஆடும் வாரிசு உள்ள வீடுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது தனிப் பஞ்சாயத்து :-)