காய்ச்சலும் எமது கணக்குப் புத்தகமும்

காலநிலை மாற்றம் என்ற தலைப்பைக் கண்டதும் எம்மவர்களில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு டொலர் விலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கோ பனிமலை உருகுவதற்கும் புறக்கோட்டையில் புடவைக் கடை வைத்திருப்பவனுக்கும் என்ன சம்பந்தம் என்றே நினைத்திருந்தேன். 2017ஆம் ஆண்டின் நோன்பு மாதம்தான் அந்த நினைப்பை மாற்றியது.

அந்த ஆண்டைக் கொழும்பு வியாபாரிகள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்தது. அதன் பின்னர் நகரில் குப்பை அள்ளும் வேலை சீர்குலைந்து, தெரு முனைகளிலெல்லாம் பைகள் குவிந்து கிடந்தன. மே மாத இறுதியில் தென்மேல் பருவமழை கொட்டியது. இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றன. நோன்பு தொடங்கியதும் அதே நாட்களில்தான். வெள்ள நிவாரணத்துக்கு அரிசியும் உடுதுணியும் சேர்த்து லொறி ஏற்றினோம். அத்துடன் எமது கடமை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு பெருநாள் சீசனில் இறங்கிவிட்டோம்.

எனது கடையில் வெலிமடைப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலை செய்தான். வயது 19. புடவை விரித்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். மற்றப் பையன்களுடன் கடை மாடியிலேயே படுத்துக்கொள்வான். நோன்பு இருபதைக் கடந்த ஒரு நாள் காலையில் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். இரண்டு பனடோலைக் கொடுத்து, இன்று நோன்பு பிடிக்க வேண்டாம், மாடியிலேயே ஓய்வெடு என்றேன். பெரிய தயவு செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. இரத்தம் பரிசோதிக்க வேண்டாமா என்று வீட்டில் மனைவி கேட்டாள். இரண்டொரு நாள் பார்ப்போம், கடையில் ஆளில்லை என்று சொல்லிவிட்டேன். சீசன் வியாபாரம் செய்தவர்களுக்கு அந்தப் பதில் விளங்கும்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பகல் பன்னிரண்டு மணியளவில் அவனாகவே இறங்கி வந்து கவுண்டரில் நின்றான். எனக்குச் சந்தோஷம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னர் வயிறு வலிக்கிறது என்றான். கை தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்து, புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் அப்படியே சரிந்துவிட்டான்.

வைத்தியசாலையில் வைத்தியர் என்னை ஒருபுறம் கூப்பிட்டுச் சொன்னதை இந்தப் பத்தியைப் படிக்கும் ஒவ்வொரு முதலாளியும் அறிந்திருக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். நோயாளி தேறிவிட்டான் என்று நாம் நினைப்போம், அவனும் நினைப்பான். காய்ச்சலின் மூன்றாம் நாளிலாவது இரத்தம் பரிசோதித்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்றார். ஒரு கட்டிலில் இருவர், தரையில் பாய் விரித்துப் பலர் என்று விடுதி நிரம்பியிருந்தது. பையன் ஒன்பது நாள் அங்கே இருந்து, அல்லாஹ்வின் உதவியால் பிழைத்தான். தகப்பன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பையனைத் திருப்பி அனுப்பவுமில்லை.

இரண்டு நாள் கழித்து பி.எச்.ஐ. ஒருவர் வந்தார். வழக்கமாக அவர்களைக் கண்டால் எமக்கு எரிச்சல்தான் வரும். அன்று நானே முன்னால் படியேறினேன். பின்பக்கத்துக் கூரைப் பீலியில் இலையும் சொப்பின் பேக்கும் அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. மாடியில் மூட்டைகளை மூடியிருந்த பொலித்தீனின் மடிப்பிலும் தண்ணீர். இரண்டிலும் குடம்பிகள் நெளிந்தன. பையன்கள் பாய் விரித்துப் படுக்கும் இடத்துக்கும் அதற்கும் பத்தடி தூரம்கூட இல்லை.

அந்த ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அதற்கு முந்திய 2016இல் இத்தொகை சுமார் 55 ஆயிரம். 2017 ஜூலையில் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேல். 400க்கும் மேற்பட்டோர் மரணித்தனர்.

இதற்கும் உலகம் சூடாவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு வியாபாரப் பாஷையிலேயே சொல்லலாம். எமக்கு இலாபம் சரக்கின் சுழற்சியில் இருக்கிறது. மாதம் ஒரு முறை விற்றுத் தீரும் சரக்கு இரு வாரத்தில் தீர்ந்தால் அதே முதலில் இரட்டிப்பு வியாபாரம். டெங்கு வைரஸின் கணக்கும் அதுவே. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே மற்றவருக்கு நோயைக் கொடுத்துவிடாது, வைரஸ் அதன் உடலுக்குள் வளர வேண்டும். 25 பாகை செல்சியஸில் அதற்குச் சராசரியாக இரண்டு வாரம் செல்கிறது. 30 பாகையில் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நுளம்பின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால், அந்த ஒரு வாரம் மிச்சமாவது சிறிய விடயமல்ல. மழையும் முன்போல் பரவலாகப் பெய்யாமல் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கிறது. கொட்டிய மழை தேங்கும், வெயில் சூட்டில் முட்டை பொரிக்கும். ஒருவேளை காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

எல்லாப் பழியையும் காலநிலையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. 2017இல் பரவியது முந்திய சில ஆண்டுகளில் இங்கு அதிகம் காணப்படாத இரண்டாம் வகை வைரஸ். அதற்கெதிரான எதிர்ப்புச் சக்தி மக்களிடம் குறைவாக இருந்தது. குப்பைப் பிரச்சினை வேறு. ஆனால் நெருப்பு எங்கிருந்து வந்தாலும் காய்ந்த விறகு தயாராக இருந்தால்தானே பற்றும்? அந்த விறகைக் காய வைப்பது இந்தச் சூடுதான். அன்றைய நிலைமை ஓர் ஆண்டோடு முடிந்துவிடவும் இல்லை. 2019இல் மீண்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. குளிர் ஊர் என்று நாம் சொல்லும் கண்டியும் இப்போது டெங்குப் பட்டியலில் முன்வரிசையில் வருகிறது. பதினைந்து வருடங்களுக்கு மேல் அடங்கியிருந்த சிக்குன்குன்யாவும் 2025இல் பலரை மூட்டு வலியோடு முடக்கிப் போட்டது. அதைக் காவுவதும் இதே நுளம்புகள்தான்.

வெள்ளத்தின் கதையும் இப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தண்ணீர் வடிந்ததும் எமது வியாபாரிகள் செய்த முதல் வேலை வெறுங்காலுடன் கடைக்குள் இறங்கிச் சேற்றை அள்ளியதுதான். எலிக்காய்ச்சல் பரவுவது அந்தச் சேற்றிலிருந்துதான். வெறும் காய்ச்சல் என்று நினைத்து அதைப் புறக்கணித்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை 2024 டிசம்பரில் யாழ்ப்பாணம் கண்டது. வெள்ளத்துக்குப் பின் இறங்குவதாயின் பூட்ஸ் போட வேண்டும், எடுக்க வேண்டிய மாத்திரையை சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெற வேண்டும். நனைந்த அரிசி மூட்டைக்கு நட்டஈடு கேட்டு எங்கெல்லாமோ அலையும் நாம் இதைக் கேட்பதில்லை.

இனி வெயில். புறக்கோட்டையில் தகரக் கூரை ஸ்டோர்களில் மூட்டை தூக்கும் நாட்டாமிமார்களை மார்ச், ஏப்ரல் மாதப் பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். 2024 நோன்பு அந்த மாதங்களில்தான் வந்தது. அதற்குச் சற்று முன்னர் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பாடசாலைப் பிள்ளைகளை வெளியில் விளையாட விடவேண்டாம் என்றார்கள். மூட்டை தூக்குபவர்களைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2030இல் தெற்காசியாவின் மொத்த வேலை நேரத்தில் 5 சதவீதத்துக்கும் மேல் வெப்பத்தினால் இழக்கப்படும். நூற்றுக்கு ஐந்து என்பது எம்மில் பலருடைய இலாப வீதம்.

உலகின் காபன் வெளியேற்றத்தில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. புகை விட்டவன் ஒருவன், பில் கட்டுபவன் இன்னொருவன். இந்த அநியாயத்தை எமது அரசாங்கங்கள் உலக மாநாடுகளில் உரத்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் மாநாட்டின் பதில் வரும்வரை எனது பீலித் தண்ணீர் காத்திருக்காது.

அந்தப் பெருநாள் முடிந்து கணக்குப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஒருவன் வைத்தியசாலையில். பயத்தில் இன்னும் இருவர் ஊருக்குப் போய்விட்டார்கள். வருடத்தின் மிகச் சிறந்த பத்து நாட்களில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே பாதி மூடியிருந்தேன். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ‘வியாபாரம் குறைவு’ என்று மட்டும்தான் இருந்தது. காரணத்தை எழுதும் பழக்கம் எமக்கு இல்லை. அரசாங்க வைத்தியசாலை இலவசம் என்பதால் நோய்க்குச் செலவே இல்லை என்ற எண்ணம் வேறு. சுகவீனம் போன்ற தேவைகளுக்கு வருடத்தில் 7 நாட்கள் சம்பளத்துடன் லீவு கொடுக்க வேண்டும் என்று கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே சொல்கிறது. அதை ஒழுங்காகக் கொடுக்கும் சிறு கடைகள் எத்தனை என்பதை நாமே அறிவோம். சம்பளம் வெட்டுப்படும் என்று பயப்படும் பையன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவான். நுளம்பு அவனைக் கடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. அதன் வேலை நேரமும் எமது வேலை நேரமும் ஒன்றுதான்.

இப்போது எனது கடையில் காய்ச்சல் என்று சொன்னவனுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்குக் கடைப் பணம். காய்ச்சல் விட்டாலும் வைத்தியர் சொல்லும்வரை கவுண்டருக்கு வர அனுமதியில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்துமுன் அரை மணி நேரம் மாடியையும் பீலியையும் பார்க்கிறோம். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும் என்பதால் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டாலே அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் ஒரு கடை மட்டும் செய்து பிரயோசனமில்லை. புறக்கோட்டைக் கட்டடங்களில் நான்கு ஐந்து கடைகளுக்கு ஒரே கூரை, ஒரே பீலி. அது யாருடைய பொறுப்பு என்பதில் வாடகைக்காரருக்கும் சொந்தக்காரருக்கும் முடியாத வழக்கு. சொந்தக்காரர் வாடகை வாங்கப் படியேறுவார், பீலியைப் பார்க்க ஏறமாட்டார். சட்டம் அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டப்படி இடத்தின் சொந்தக்காரர் மட்டுமல்ல, இடத்தைப் பாவிப்பவரும் பொறுப்பாளிதான்.

எமது கட்டடத்தின் பின்பக்கப் பீலி துருப்பிடித்து மீண்டும் சரிந்து கிடக்கிறது. புதிதாகப் போடுவதற்கு விலை எடுத்துவிட்டோம். வாடகைக்காரர் நால்வரும் பாதிச் செலவை ஏற்க உடன்பட்டு, மீதிப் பாதியைக் கேட்டுக் கட்டடச் சொந்தக்காரருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடை நானா ஏணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.