மதுக்கூடத்திற்கு நட்சத்திரம் சூட்டும் ரசனை

பீர் எப்படி, இருக்கை எப்படி, இசை எப்படி, 'சூழல்' எப்படி என்று ஊரிலுள்ள மதுக்கூடங்களுக்கெல்லாம் சென்று மதிப்பெண் இடுவது இன்று உயர்ந்த ரசனையாகக் கருதப்படுகிறது. லண்டனில் படிக்கவும் பெங்களூருவில் பணியாற்றவும் சென்ற நம் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கும் இந்த நட்சத்திரங்கள் வந்து சேர்ந்துவிட்டன. "நான் குடிக்கவில்லை, சூழல் நன்றாக இருக்கும் என்பதால்தான் நண்பர்களோடு போனேன்" என்ற விளக்கமும் உடன் வருகிறது. இவ்விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.

இந்தப் பழக்கத்தின் தாயகம் பிரிட்டன். அங்கே பெரிய ஆலைகளின் பீருக்கு எதிராக, பீப்பாயிலேயே முதிரும் பாரம்பரிய பீரைக் காக்க 1971-ல் 'காம்ரா' என்னும் இயக்கம் தோன்றியது. அதன் உறுப்பினர்கள் மதுக்கூடங்களுக்குச் சென்று பீரின் தரத்துக்கு 0 முதல் 5 வரை புள்ளியிடுகிறார்கள். ஆண்டுதோறும் 'குட் பீர் கைடு' என்ற வழிகாட்டி நூலும் வெளியாகிறது. சிறந்த மதுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கையில் சூழல், உபசரிப்பு, வட்டாரத்தோடு உள்ள உறவு ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அவர்களின் உழைப்பை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்த அளவுகோலில் எது விடுபட்டிருக்கிறது என்பதே நம் கேள்வி.

புள்ளிப் பட்டியலில் இல்லாதவர்கள்

பீரின் தெளிவுக்கு ஒரு புள்ளி, குளிர்ச்சிக்கு ஒரு புள்ளி. குடித்தவர் திரும்பிச் செல்லும் வீட்டின் சூழலுக்கு எத்தனை புள்ளி? கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சி விழித்திருக்கும் மனைவியிடமும் பிள்ளையிடமும் எவரும் மதிப்பெண் கேட்பதில்லை. இரவு எட்டு மணிக்கு மேசையில் அமர்ந்திருப்பவரே நீதிபதி. நள்ளிரவில் விளைவைச் சுமப்பவருக்கு வாக்கில்லை. இப்படி ஒரு தீர்ப்பு எப்படி நேர்மையானதாகும்?

திருக்குர்ஆன் இவ்விஷயத்தில் வியக்கத்தக்க நேர்மையோடு பேசுகிறது. மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை 2:219 வசனம் மறுக்கவில்லை. அவற்றைவிட அதன் பாவம் பெரிது என்றே எடைபோடுகிறது. மதுவின் மூலம் மனிதர்களிடையே பகையை மூட்டவும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கவும் ஷைத்தான் விரும்புகிறான் என 5:91 வசனம் எச்சரிக்கிறது. நட்சத்திரப் பட்டியல் பயனை மட்டும் எண்ணுகிறது. இறைவேதமோ இரு தட்டையும் நிறுத்துப் பார்க்கிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருப்பது, தராசின் மறுதட்டில் இருப்பது என்ன என்பதை உணர்த்தும்.

'சூழலுக்காக மட்டும்'

குடிக்காமல் உடன் அமர்வதில் என்ன தவறு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புபவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அருந்துபவரை மட்டுமல்ல, பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரையும் சபித்தார்கள். இவை திர்மிதீ நூலில் பதிவாகியுள்ளன. ஐந்து நட்சத்திரம் இட்டுப் பிறரை அங்கே அழைப்பவர், பாவத்தில் ஒருவருக்கொருவர் துணைபோகாதீர்கள் என்ற 5:2 வசனத்தை ஒருமுறை சிந்தித்துப் பார்க்கட்டும்.

அலுவலக விருந்து மதுக்கூடத்தில்தான் நடக்கிறது என்போர், "உணவகத்தில் வைத்தால் நானும் கலந்துகொள்வேன்" என்று பணிவோடு சொல்லிப் பாருங்கள். தயங்கி மறைப்பதைவிட வெளிப்படையாகச் சொல்வது எளிது.

நாம் தந்த சூழல் எங்கே?

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தம் மனத்துக்குகந்த மதுக்கூடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கே தம்மை முதன்மையாக ஈர்ப்பது பீர் அல்ல, சூழல்தான் என்றார். பழகிய முகங்கள், உரையாட ஏற்ற அமைதி, பெயரறிந்து பழகும் பணியாளர்கள், குடும்பத்தோடு அமரத் தோட்டம் என அடுக்கிவிட்டு, அப்படி ஓர் இடம் உண்மையில் இல்லை என்று முடித்தார்! அவர் தேடியவற்றுள் எதற்கு மது தேவை? மனிதன் ஏங்குவது தோழமைக்கு. மதுக்கூடம் அந்த ஏக்கத்தின் மீதுதான் வணிகம் செய்கிறது.

இங்கே நம்மை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. இஷா தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் பல பள்ளிவாசல்கள் பூட்டப்படுகின்றன. இளைஞர்கள் சற்றுச் சிரித்துப் பேசினால் அதட்டல் எழுகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பல மஹல்லாக்களில் இடமே இல்லை. பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டுகளிக்க நபி (ஸல்) அவர்கள் துணைநின்ற செய்தியை புகாரீயில் படிக்கும் சமுதாயம் நாம். "அங்கே போகாதே" என்று சொல்லத் தெரிந்த நமக்கு, "இங்கே வா" என்று சொல்ல ஓர் இடம் வேண்டாமா?

பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறை, ஒரு நூலகம், இரவு பத்து மணி வரை சூடான தேநீர், வாரம் ஒருநாள் குடும்பங்கள் கூடும் முற்றம், வெளியூரில் தனித்து வாழும் பிள்ளைகளை விருந்துக்கு அழைக்கும் வீடுகள் ஆகியவை ஜமாஅத்துகளின் சக்திக்கு மீறியவை அல்ல. இவற்றைச் செய்யாமல் இளைஞர்களை மட்டும் குறைகூறுவது பாதிக் கடமையே ஆகும்.

மதீனாவில் மதுவிலக்கு அறிவிக்கப்பட்டபோது தோழர்கள் தெருவில் மதுவைக் கொட்டினார்கள். அவர்களின் தோழமை அதனால் குறையவில்லை. பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்தது. அத்தகைய சூழலை நம் ஊர்களிலும் உருவாக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.