மழைக்குப் பிறகு சைக்கிள் பாதையை யார் கூட்டுவது?

பாதசாரிகளுக்கென்று ஒதுக்கிய பாதையில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2025 ஜூலை 1 முதல் இதுதான் சட்டம். பக்கத்தில் சைக்கிள் பாதை இருக்கும்போது நடைபாதையில் ஏறாதே என்பது நியாயமான பேச்சு. காய்கறிப் பையோடு நடந்துபோகும் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் மணியடித்து விரட்டுகிறவர்களுக்காக வாதாட காத்தோங் வட்டாரச் சைக்கிளோட்டிகள் யாரும் முன்வரவில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான். சைக்கிள் பாதையில்தான் போகவேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. மழை விட்ட பிறகு அந்தப் பாதை போகிற நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது யார்?

இந்த வேண்டுகோளை வைப்பவர்கள் பதிவுபெற்ற சங்கம் எதுவும் நடத்தவில்லை. விடியற்காலையில் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலுக்குச் சைக்கிளில் வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மரீன் பரேடில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞர்கள், கூட்டுரிமை வீட்டில் இரவுக் காவல் முடித்து கேலாங் பக்கம் திரும்புகிறவர், கட்டுமான ஊழியர்கள் சிலர். ஒரே பாதையில் வெவ்வேறு நாளில் சறுக்கியவர்கள் என்பதைத் தவிர இவர்களுக்குள் பெரிய ஒற்றுமை இல்லை.

வடகிழக்குப் பருவமழை என்றால் காத்தோங்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை 255.2 மில்லிமீட்டர். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 தான். அந்த மழையில் ஜாலான் சீவியூவில் திடீர் வெள்ளம் வந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு நாலு மாதம் முன்னால், 2024 செப்டம்பர் 17 மாலை, சுமத்ரா பக்கமிருந்து வந்த சூறைக்காற்று மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. தீவு முழுக்க மரமும் கிளையும் விழுந்த சம்பவங்கள் 300ஐத் தாண்டின. 2001இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,100ஆக இருந்த மர விபத்துகளைத் தேசியப் பூங்காக் கழகம் 500க்கும் கீழே இறக்கியிருக்கிறது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு மாலை என்ன செய்யும் என்பதும் அந்த 300இல் தெரிகிறது. சராசரியாக ஆண்டுக்கு 170 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. மழைநாளை விதிவிலக்காக வைத்துப் பாதை பராமரிக்க முடியாது.

மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சைக்கிள் பாதையில் இறங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். சவுக்கு மரத்தின் ஊசி இலைகள் தண்ணீரோடு சேர்ந்து பாய் விரித்ததுபோல் ஒட்டிக்கிடக்கும். பார்வைக்கு மெத்தென்று இருக்கும். முன்சக்கரம் அதன்மேல் ஏறி, கைப்பிடியைச் சற்றே திருப்பினால் போதும், வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மரநிழல் விழுகிற வளைவுகளில் பாசி. கடற்கரை ஓரத்தில் அலையும் காற்றும் ஏற்றிவிட்ட மணல். மெதுவாகப் போ என்று தரையில் எழுதிய வெள்ளைச் சாய எழுத்துகள் இருக்கின்றனவே, நனைந்தால் அவைதான் எல்லாவற்றையும்விட வழுக்கும். எச்சரிக்கையின்மேலேயே சறுக்கி விழுகிற கொடுமையை என்னவென்று சொல்வது! சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பித் தட்டுகளைச் சைக்கிளோட்டிகள் நேராகக் கடப்பார்கள், அதன்மேல் பிரேக் பிடிக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள பெரும்பாலோர் ஒருமுறை முழங்கையைத் தேய்த்திருக்கிறார்கள்.

இவ்வளவும் இயற்கை, யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று சொல்லலாம். குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

விரைவுச்சாலையில் கிளை விழுந்தால் லாரி வருகிறது, ரம்பம் வருகிறது, போக்குவரத்து வானொலியில் அறிவிப்பு வருகிறது. கார்கள் தேங்கும் முன்னே தடம் திறந்தாகிவிடும். மெச்ச வேண்டிய வேகம். ஐம்பது மீட்டர் தள்ளி, அதே காற்றில் விழுந்த அதே மாதிரிக் கிளை, சைக்கிள் பாதையின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு மறுநாள் மாலையிலும் கிடக்கும். யாரோ ஒரு நல்ல மனிதர் அதைக் காலால் ஓரத்துக்குத் தள்ளியிருப்பார். இலைக்குப்பை அதற்கும் மேலே, காய்ந்து தானே பறக்கும்வரை. குழுவினர் சொல்கிற புகார்களில் பத்துக்கு எட்டாவது இந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான். விழுந்தது ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. எடுக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள்.

பாதை போடுவதில் நாடு கஞ்சத்தனம் காட்டவில்லை. 2020இல் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைக் கட்டமைப்பை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக்குவது இலக்கு. தீவைச் சுற்றிவர 150 கிலோமீட்டரில் திட்டமிட்ட பாதையின் கிழக்குப் பகுதி, 75 கிலோமீட்டர், 2021 கடைசியிலேயே தயார். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா மட்டும் கடலோரமாகப் பதினைந்து கிலோமீட்டர் நீள்கிறது. அதற்கும் அப்பால், கடல்மட்டம் உயர்ந்தால் இந்தக் கரையைக் காக்க 800 ஹெக்டர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்கும் நீண்ட தீவுத் திட்டம் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டின் கடைசியில் வரப்போகிற தண்ணீரைப் பற்றி இவ்வளவு தொலைநோக்கோடு யோசிக்கிறவர்களுக்கு, நேற்றுப் பெய்த மழையில் கிடக்கிற இலைக்குப்பை கண்ணில் படாமல் போவது விந்தைதான்.

சைக்கிள் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, மழை பெய்தால் வீட்டில் இருக்கவேண்டியதுதானே என்று கேட்கிறவர்களும் காத்தோங்கில் உண்டு. மாடியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டு, கைபேசியில் லக்சா வரவழைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்த லக்சாவை யார் கொண்டுவருகிறார்? 2019 நவம்பர் 5ஆம் தேதி நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தபோது, அதை நம்பிப் பிழைத்த உணவு விநியோகிப்பாளர்கள் ஏறத்தாழ 7,000 பேர். வேறு வாகனத்துக்கு மாற 70 லட்சம் வெள்ளி உதவித்தொகை ஒதுக்கினார்கள். சாதாரணச் சைக்கிளுக்கும் மின்சைக்கிளுக்கும் மாறு என்று சொல்லித்தான் அவர்களைப் பாதைக்கு அனுப்பியது இந்த ஊர். 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் வேலையில் அடிபட்டால் இழப்பீடு கிடைக்க வழி செய்திருக்கிறது. நல்லது. அடிபடாமல் இருக்க வழி செய்தால் இன்னும் நல்லது.

கட்டுமான ஊழியர்கள் கதை இன்னும் ஒரு படி மேல். 2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலை தெற்கில் திடீரென்று நிலம் உள்வாங்கி ஒரு கார் குழிக்குள் விழுந்தபோது, பக்கத்து வேலைத்தளத்து ஊழியர்கள் ஏழு பேர் கயிறு போட்டு காரை ஓட்டிவந்த பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலே இழுத்தார்கள். நாடே கொண்டாடியது, தமிழர்கள் கூடுதலாகவே பெருமைப்பட்டோம். அவர்களைப் போன்ற ஊழியர்கள் பலர் விடுமுறை நாளில் தேக்காவுக்குக் காய்கறி வாங்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும் பழைய சைக்கிளைத்தான் மிதிக்கிறார்கள். எஃகு விளிம்புச் சக்கரம், தேய்ந்த ரப்பர் பிரேக். நனைந்த விளிம்பில் அந்த ரப்பர் பிடிக்க இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். பதினைந்தாயிரம் வெள்ளி பந்தயச் சைக்கிளில் வருகிறவருக்கு வட்டு பிரேக் இருக்கிறது. அவரும் விழுவார், ஆனால் அவருக்கு மறுநாள் சம்பளம் போகாது.

குளிர்நாடுகளில் இதே பிரச்சினைக்குப் பனி என்று பெயர். பின்லாந்தின் ஒவ்லு நகரம் வடதுருவ வட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பாதி ஆண்டு பனி. அங்கே முக்கியச் சைக்கிள் பாதைகளைக் காலையில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே வழித்து முடித்துவிடுகிறார்கள். குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கென்று ஓர் உலக மாநாட்டையே 2013இல் முதன்முதலில் அங்கேதான் கூட்டினார்கள். கோபன்ஹேகனில் முக்கியச் சைக்கிள் தடங்களுக்குப் பனி வாருவதில் கார்ச் சாலைக்கும் முந்திய இடம். சுவீடனின் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் முதலில் சாலையை வழித்துப் பிறகு நடைபாதைக்கு வருவதை நிறுத்தி, வரிசையைத் தலைகீழாக மாற்றியது. பனியில் கார் மெதுவாகப் போய்விடும், குழந்தை வண்டி தள்ளுகிறவர்தான் விழுவார் என்பது அவர்கள் கண்ட நியாயம். உறைபனியை வாரிக் கொட்டுகிறவர்கள் இருக்கும் உலகத்தில், சவுக்கு இலையைக் கூட்ட ஒரு துடைப்பம் போதாதா?

குழுவினரின் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. கனமழைக்கும் சூறைக்காற்றுக்கும் பிறகு, எம்ஆர்டி நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் போகிற சைக்கிள் பாதைகளைச் சாலையோடு சேர்த்து அன்றைக்கே கூட்டவேண்டும். வளைவுகளிலும் சுரங்கப்பாதை இறக்கங்களிலும் வழுக்குகிற சாயத்தை மாற்றவேண்டும். பாதை அடைபட்டிருந்தால், சுத்தம் செய்து முடியும்வரை, பக்கத்து நடைபாதையில் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போகிறவரை யாரும் முறைக்கக் கூடாது. கடைசிக் கோரிக்கை அதிகாரிகளுக்கு அல்ல, அண்டை வீட்டாருக்கு.

அண்டை வீட்டாருக்கு இன்னும் சிலவும் உண்டு. கிளை கிடப்பதைப் படமெடுத்து நண்பர்கள் குழுவில் போட்டு, என்ன ஊர் இது என்று அலுத்துக்கொள்வதால் கிளை நகராது. அதே படத்தை ஒன்சர்வீஸ் செயலியில் இடத்தோடு அனுப்ப ஒரு நிமிடம் கூட ஆகாது. ஒரே கிளைக்கு இருபது பேர் அனுப்பினாலும் தப்பில்லை, அனுப்புங்கள். இடி முழங்கும்போது சாப்பாடு வரவழைத்துவிட்டு, பத்து நிமிடம் தாமதம் என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிற விரல்களையும் கொஞ்சம் அடக்குங்கள். அந்தத் தாமதம் அவர் ஏதோ ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே உயிரோடு ஒதுங்கி நின்றதன் கணக்கு. நடைபாதையில் தண்ணீர் தேங்கினால் நாயோடும் குழந்தை வண்டியோடும் சைக்கிள் பாதைக்கு மாறுகிறவர்கள், மூவராகக் கைகோத்து நடக்காமல் ஓரமாக நடந்தால் புண்ணியமாகப் போகும்.

சக சைக்கிளோட்டிகளையும் குழு விட்டுவைக்கவில்லை. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது உச்ச வரம்பு. ஈரத்தில் அதைத் தொட்டே ஆகவேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்ளவில்லை. விடிந்தும் விடியாத நேரத்தில் பத்துப் பேர் கூட்டமாகப் பாய்ந்து, முன்னால் போகிற விநியோக ஊழியரை மணியடித்து ஒதுக்குகிற கனவான்களுக்குத்தான் இந்த வரி. அவர்களால்தான் மற்ற சைக்கிளோட்டிகளின் பேச்சும் எடுபடாமல் போகிறது.

டிசம்பரில் முதல் பெருமழை வரும். மழை நின்ற நேரத்தையும், கிளை எடுக்கப்பட்ட நேரத்தையும் படத்தோடு குறித்துவைத்து, தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குக் கையில் கொண்டுபோவதாகக் குழுவினர் முடிவு செய்திருக்கிறார்கள். காத்தோங்கில் வசிக்கும் யார் வேண்டுமானாலும் இந்த முயற்சியில் சேரலாம். சேராமல் இருக்கவும் உரிமை உண்டு. அப்படிச் சேராதவர்கள், ஏதோ ஓர் இறக்கத்தில் ஒருவர் எலும்பு முறிந்து கிடக்கும்போது, பாதை இந்த நிலையில் இருந்தது தெரியாது என்று மட்டும் சொல்லக் கூடாது.