மிதித்தும் ஓடாத கார்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டுத் தலை குனிந்தபடி வந்தான். ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார்; அம்மா உரம் போடுகிறார். இவன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டுப் பட்டணத்தில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பார்க்கிறான். தங்கையின் படிப்புச் செலவு இவன் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"சார், இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்களாம்" என்றான். குரல் உடைந்துவிட்டது.

நடந்தது இதுதான். பட்டறைக்கு இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயப் பாணிக் கார் ஒன்று வந்திருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் எண்ணெய் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. நத்தை போல் ஊர்கிறது. இவன் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்து, "திராட்டலில் கோளாறு" என்று சொல்லியிருக்கிறான். முதலாளி அதை நம்பி விலை உயர்ந்த புதுத் திராட்டல் ஒன்றை வாங்கிப் போட்டார். போட்ட பிறகும் கார் அப்படியே இருந்தது. மாட்டிய சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பழி பையன் தலையில் விழுந்தது.

எனக்குக் கார் வேலை தெரியாது, வாசகர்களே. ஆனால் படிக்கத் தெரியும். அவன் கைத்தொலைபேசியில் இருந்த பட்டறைப் புத்தகத்தை இருவரும் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தோம். அன்று நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் இருக்கிறார்கள். நம் லயத்து வாசலிலும் பழைய கார் ஒன்றாவது நிற்கிறது அல்லவா?

முன்பெல்லாம் மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பி இருந்தது. நம் மோட்டார் சைக்கிளில் கைப்பிடியைத் திருகினால் கம்பி இழுக்கிறதே, அதே ஏற்பாடுதான். கம்பி இழுத்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் வாயில் திறக்கும். அந்த வாயிலும் அதைச் சுற்றிய உலோகக் கூடும் சேர்ந்ததுதான் திராட்டல். பிறகு இந்தக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் கார்வெட் காரில் 1997-ஆம் ஆண்டு மாதிரியிலேயே கம்பி இல்லை. ஜப்பானின் ஹோண்டா எஸ்2000, 1999-இல் கம்பியோடு வந்து, 2006-ஆம் ஆண்டு மாதிரியில் மின்முறைக்கு மாறியது. இன்று சாதாரணக் கார்களிலும் அப்படித்தான்.

கம்பிக்குப் பதில் என்ன? மிதியில் சென்சார் என்னும் அளவுக் கருவி இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அது மின்னழுத்தமாகக் கணினிப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி யோசித்து, திராட்டலில் உள்ள சிறு மோட்டாருக்கு "இவ்வளவு திற" என்று கட்டளையிடும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மிதியில் ஒரு சென்சார் போதாது என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். திராட்டலிலும் இரண்டு. எதற்காக? என் சிறு வயதில், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி ஒரு கணக்கு எழுதுவார். என் அம்மா வீட்டு நோட்டில் ஒரு கணக்கு எழுதி வைப்பார். இரண்டும் ஒத்துப்போனால் தகராறு இல்லை. ஒத்துப்போகாவிட்டால் சம்பள நாளில் விசாரணைதான். காரின் பெட்டியும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. இரண்டு சென்சார்களும் ஒரே கதையைச் சொல்லாவிட்டால், யார் பொய் சொல்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே எஞ்சினின் வேகத்தை அடக்கி, எச்சரிக்கை விளக்கை எரியவிடுகிறது.

இதைப் பழுது என்று திட்டாதீர்கள். 1997-இன் கார்வெட்டுக்கு 345 குதிரைத்திறன். பொய்த் தகவலை நம்பி அவ்வளவு பலத்தையும் ஒரே நொடியில் அவிழ்த்துவிட்டால் முன்னே போகிறவர் கதி என்ன? மிதித்தும் கார் ஓடவில்லை என்றால், பல வேளைகளில் அது நம் உயிரைக் காக்கத்தான் மறுக்கிறது.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். "கருவி காட்டிய எண் என்ன தம்பி?" என்று கேட்டேன். "பி 2135 சார்." "எழுதி வைத்தாயா?" "இல்லை சார், மனத்தில் வைத்துக்கொண்டேன்."

புத்தகத்தைப் பார்த்தோம். பி 2135 என்றால் திராட்டலின் இரு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பி 2138 என்றால் மிதியின் இரு சென்சார்களும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கடைசி இலக்கம்தான் வேறு. "நாளைக் காலையில் முதல் வேலையாக எண்ணை மறுபடியும் எடு, காகிதத்தில் எழுது" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மதியம் அழைத்தான். "சார், அது எட்டு!" என்றான்.

அதன் பிறகு அவன் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். பட்டறைப் பிள்ளைகள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காலடியைப் பார்க்க வேண்டும். மிதிக்குக் கீழே விரிப்பு சுருண்டிருக்கிறதா? விரிப்பின் மேல் விரிப்புப் போடும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே, பொருந்தாத விரிப்பு ஒன்று மிதியைப் பிடித்துக்கொண்டதால் ஒரு கார் கட்டுக்கடங்காமல் ஓடி நான்கு பேர் மாண்டார்கள். அந்தக் காருக்கென்று செய்த விரிப்பை, கொக்கியில் மாட்டித்தான் போட வேண்டும்.

இரண்டாவது பேட்டரி. அது தளர்ந்திருந்தாலும், முனைகளில் வெள்ளைப் பூஞ்சை போல் படிந்திருந்தாலும் சென்சார்கள் தாறுமாறாகப் பேசக்கூடும். மூன்றாவது பிரேக் விளக்கு. காலை எடுத்த பிறகும் அது எரிந்துகொண்டிருந்தால், பிரேக்கும் எண்ணெயும் ஒன்றாக மிதிபடுவதாகப் பெட்டி நினைத்து வேகத்தைக் குறைக்கும் கார்கள் உண்டு. இவற்றைப் பார்க்கக் காசு வேண்டாம்.

நான்காவதுதான் மிதியின் மேற்புறத்து மின் இணைப்பு. சாவியை அணைத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். நம் பையன் கழற்றியபோது உள்ளே ஊசி ஒன்று பச்சை பூத்திருந்தது. காரின் காலடியில் மழைத் தண்ணீர் இறங்கி, விரிப்பு பல நாள் ஈரமாகவே கிடந்திருக்கிறது. மின் முனைகளுக்கென்றே விற்கும் துப்புரவு மருந்தைத் தெளித்துச் சுத்தம் செய்தான். மண்ணெண்ணெய் கூடாது. ஊசி அரித்துத் தின்னப்பட்டிருந்தால் இணைப்பையே மாற்ற வேண்டும்.

ஐந்தாவது அளந்து பார்ப்பது. சென்சாருக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் வரும். மிதியை மெதுவாக அழுத்தும்போது இரண்டு அளவுகளும் குதிக்காமல் சீராக மாற வேண்டும். சில கார்களில் ஒன்று மற்றொன்றில் பாதியாக இருக்கும். அந்தந்தக் காரின் புத்தகத்தில் உள்ள கணக்கோடு ஒப்பிட வேண்டும். அளவு தப்பினால் மிதியை முழுதாக மாற்றலாமே தவிர, பிரித்து நோண்டக் கூடாது.

திராட்டலில் கரி படிந்து மந்தமாவதும் உண்டு. ஆனால் சாவி போட்டிருக்கும்போது அதற்குள் விரலை விடாதீர்கள். மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும்.

கடைசியாக, மிதியின் ஓய்வு நிலையைப் பெட்டிக்கு மறுபடியும் கற்பிக்க வேண்டிய கார்கள் சில உண்டு. நிசான் 350இசட் போன்றவற்றில் மிதியில் கால் வைக்காமல் சாவியை 2 விநாடி போட்டு, 10 விநாடி அணைத்து, மறுபடியும் 2 விநாடி போட்டு, 10 விநாடி அணைக்க வேண்டும். மற்றக் கார்களுக்கு முறை வேறு.

இளைஞர்களுக்கு இன்னொரு சொல். மிதியில் மாட்டினால் கார் பறக்கும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் அழுத்தியதை நிறைய அழுத்தியதாக அது கணினியிடம் சொல்கிறது, அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. பழுதுள்ள மிதியில் அதை மாட்டுவது, காய்ச்சல்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போல.

சாலையில் போகும்போது திடீரென்று வேகம் இறங்கினால் பதறாதீர்கள். ஓடும்போதே சாவியை அணைக்காதீர்கள். சைகை விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், பட்டறைக்குப் போங்கள்.

பையனின் சம்பளம் என்னாயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பழைய திராட்டலையே திரும்பப் பூட்டி, முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான். எண் எழுதிய காகிதத்தையும் கொடுத்து, "முதலில் தப்பாகச் சொன்னது நான்தான்" என்று ஒப்புக்கொண்டான். அவர் சற்று நேரம் பேசவில்லையாம். "இனிமேல் எழுதிக் காட்டாமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது" என்றாராம். சம்பளத்தில் கை வைக்கவில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு மட்டுமே சம்பளத்தில் பிடிக்கலாம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஐந்துக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாடு மூன்றுதான். அந்த மூன்று, ஒரு தங்கையின் படிப்பை விழுங்கப் பார்த்தது. பட்டறைக்குப் போகும் பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு பென்சிலும் சிறு நோட்டும் போட்டு அனுப்புங்கள், தாய்மார்களே. ஸ்டோர்க் கணக்கை நோட்டில் எழுதி வைத்த என் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் மூன்று ஆண்டுதான். அவரை யாரும் ஒரு காசு ஏமாற்றியதில்லை.