தரையில் நின்ற பிறகு

ஆனேக்கல்லில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. இங்கே அவற்றுக்கு 'ஹம்ப்' என்று பெயர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் அதே பெயர்தான். என்னுடைய பழைய மாருதி 800 ஒவ்வொரு ஹம்ப்பிலும் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு குரல் கொடுக்கத் தொடங்கியபோது, டிக்கியில் கிடக்கும் ஜாக்கிதான் உருளுகிறது என்று நம்பினேன். ஜாக்கியை எடுத்து வீட்டில் வைத்தேன். டொக் போகவில்லை. பிறகு ஒரு மழைநாளில் ஓசூர் சாலையில் முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, நானும் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் அதன் பின்பாகம் தன் இஷ்டத்துக்கு ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கீழ்வீட்டில் இருப்பவர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தர்மபுரிப் பக்கத்துக்காரர். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். "புஷ் போச்சு சார்" என்றார்.

"பதினோரு மாதம் முன்னாடிதானே அண்ணா மாத்தினேன்!"

"மாத்தினவங்க எப்படி மாத்தினாங்களோ."

புஷ் என்பது பெரிய சமாச்சாரமல்ல. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். உள்ளங்கையில் அடங்கிவிடும். மாருதி 800-இன் பின் அச்சை வண்டியின் உடலோடு பிணைப்பவை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள ஆர்ம்களும் குறுக்கே போகும் ஒரு ராடும். ஒவ்வொன்றின் முனையிலும் இந்த ரப்பர்தான் உட்கார்ந்திருக்கிறது. சாலையின் அதிர்ச்சியை விழுங்குவதும் அதன் வேலை. அச்சு அங்கே இங்கே அலையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. ரப்பர் கிழிந்தால் முதலில் சத்தம் வரும். பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும். பிறகு, மழைநாளில் ஒரு லாரிக்குப் பின்னால், எனக்கு நேர்ந்தது நேரும்.

பார்ப்பவர்கள் புஷ்ஷைக் கதவுக் கீல்போல நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கீலில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிச் சுழலும். புஷ்ஷில் எதுவும் வழுக்குவதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வெளிவளையம் ஆர்முக்குள் இறுகியிருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு, திரும்பத் தன் நிலைக்கு வருகிறது. அப்படியானால் தன் நிலை எது? போல்ட்டை இறுக்கிய கணத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதுதான்.

வண்டியைத் தூக்கி வைத்திருக்கும்போது சக்கரங்கள் தொங்குகின்றன. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பர் தொங்குகிற நிலையையே தன் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கிக்கொள்ளும். ஓடாமல் வாசலில் சும்மா நின்றாலும் முறுக்கு முறுக்குதான். ராத்திரி பஸ்ஸில் கழுத்தைத் திருப்பியபடி தூங்கிவிட்டுக் காலையில் எழுந்திருப்பவனின் நிலைமை. இது இறங்கவே முடியாத பஸ். பல வருடம் வரவேண்டிய ரப்பர் சில மாதங்களில் கிழிவது இதனால்தான். வண்டியை இறக்கி, அதன் முழு பாரமும் சக்கரங்களில் உட்கார்ந்த பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும்.

கீழ்வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது, எங்கோ படித்த மாதிரி இருந்தது. படிக்கவில்லை, எழுதியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான ஒரு பயிற்சிப் புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி; அவசர வேலை. பரணிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். மூலத்தில், வண்டி தரையில் தன் சக்கரங்களில் நிற்கும்போது போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் எழுதியிருப்பது: 'சக்கரங்களைப் பொருத்திய பின் போல்ட்டுகளை நன்கு இறுக்கவும்.' இலக்கணப் பிழை இல்லை. சந்திப் பிழைகூட இல்லை. தரைதான் இல்லை. அந்தப் பக்கத்தில் புஷ்ஷுக்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்று இரண்டு அகராதிகளோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டியது நன்றாக நினைவிருக்கிறது. முதுகலைத் தமிழ் படித்தவனுக்குக் கவலை அங்கேதான் போகும்.

என் வண்டிக்குப் போன முறை புஷ் மாற்றிய பையன் அந்தப் புத்தகத்தைப் படித்தவன் என்று சொல்லமாட்டேன். படித்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பான் என்பதுதான் உறுத்துகிறது.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுதுபார்க்கும் கருவிகளும் தகவல்களும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை என்பது விவகாரம். மேல்முறையீடுகளில் வழக்கு நீண்டது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் கையேட்டைப் பகிரங்கமாக்கினால் போதுமா? அத்திப்பள்ளியிலும் சந்தாபுரத்திலும் ஷெட் போட்டிருப்பவர்கள் அதை எந்த மொழியில் படிப்பார்கள், அந்த மொழியில் எழுதிக் கொடுப்பது யார் என்று டெல்லியில் யாராவது கேட்டார்களா?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் பெங்களூர் ஜே.சி. ரோடில் அதற்குப் பாகம் கிடைக்கிறது. அகராதிச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. 'டிரெய்லிங் ஆர்ம் புஷ்' என்றால் நான்கு தரத்தில் எடுத்துப் போடுவார்கள். நகத்தால் அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் கீழ்வீட்டுக்காரர்.

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உடலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டுகள் வைத்தோம். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கல்ல என்பதில் அவர் கண்டிப்பானவர். போதாதென்று கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். இன்னொரு ஜாக்கி அச்சுக்கு அடியில். இல்லையென்றால் ஆர்மைக் கழற்றும்போது அச்சு சரியும், சுருள் ஸ்பிரிங் துள்ளும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடவேண்டும்.

முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்திருந்தோம். அப்படியும் ஒரு போல்ட் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய புஷ்ஷை எரித்து எடுப்பது பலருடைய வழக்கம். நாற்றமும் புகையும் தாங்காது, நுரையீரலுக்கும் ஆகாது. நாங்கள் நீள மரையாணி ஒன்றைப் புஷ் வழியாக நுழைத்து, ஒரு முனையில் பெரிய வாஷர், மறுமுனையில் புஷ்ஷை விழுங்குமளவு ஒரு குழாய்த் துண்டு வைத்து, நட்டை முறுக்கி முறுக்கி வெளியே இழுத்தோம். புதியதும் அதே வழியாக உள்ளே போயிற்று. வழுக்குவதற்கு நான் கிரீஸ் டப்பாவை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் போகுமாம். சோப்புத் தண்ணீர் போதும்.

போல்ட்டுகளைப் புது நட்டோடு கைமுறுக்காக மாட்டி, சக்கரங்களைப் பொருத்தினோம். என் புத்தகப்படி வேலை இங்கே முடிந்திருக்கும்.

அவர் தடித்த மரப் பலகைகளைக் கொண்டுவந்து பின்சக்கரங்களுக்கு அடியில் போட்டார். அடியில் படுத்துக் கை நுழைக்க அந்த உயரம் வேண்டும். (ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் உடையும்.) வண்டி பலகைமேல் முழுதாக இறங்கியது. என்னைப் பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிடச் சொன்னார். அது ஆடி அடங்கி, தன் உயரத்துக்கு வந்து நின்றது. பிறகு டார்க் ரெஞ்ச்சை என் கையில் கொடுத்து, "இப்ப இறுக்குங்க சார்" என்றார்.

பலகையை எடுத்துவிட்டு ஆனேக்கல்லின் எல்லா ஹம்ப்களிலும் ஏறி இறங்கினோம். டொக் இல்லை. மறுநாள் புத்தகத்தை வெளியிட்டவர்களுக்குப் பக்க எண், வரி எண்ணோடு திருத்தம் எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கேட்டார். பேனாவால் திருத்தி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, கன்னடத்திலும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அத்திப்பள்ளியில் அவருடைய மருமகன் ஷெட் வைத்திருக்கிறார். சுவரில் ஒட்ட வேண்டுமாம். அடுத்த ஞாயிறு அந்த மருமகனின் ஆம்னி வருகிறது. அது பட்டை ஸ்பிரிங் வண்டி. அதிலும் புஷ் உண்டு. பலகைகளை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.