ஆளிப்பலகை எங்கே இருக்கிறது?

"எதிர்பாராதது" என்ற சொல்லை அறிக்கைகளிற் காணும்போதெல்லாம் எனக்கு ஐயம் எழும். ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் இருந்தவனுக்கு வரும் நோய் அது. 2011 மார்ச் 11ஆந் திகதி ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தைச் சுனாமி தாக்கிய பின், அதனை நடத்திய டெப்கோ நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் அதுதான்.

பழைய அணுவுலைகளுக்கு மேலதிகமாகச் சில மின்பிறப்பாக்கிகளை வாங்கி வைத்தாற் போதும் என்று வாதிடுவோர் இன்றும் உளர். புகுஷிமாவில் நடந்ததை அவர்கள் படிக்கவில்லை என்பேன்.

உலையை நிறுத்திய பின்னும் எரிபொருள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதனைக் குளிர்விக்க நீர் வேண்டும்; நீரைச் செலுத்த மின்சாரம் வேண்டும். அன்று நிலநடுக்கத்தினால் வெளி மின்சாரம் அறுந்ததும் டீசல் மின்பிறப்பாக்கிகள் ஒழுங்காகவே இயங்கின. ஏறத்தாழ 50 நிமிடங்களில் கடல் வந்தது. 13 மின்பிறப்பாக்கிகளுள் தொடர்ந்து மின்சாரம் தந்தது ஒன்றே ஒன்று. 6ஆம் உலைக்குரிய அதுவே 5ஆம் உலையையும் காத்தது.

அப்படியாயின் காப்பு மின்வசதியை அவர்கள் மேம்படுத்தவே இல்லையா? மேம்படுத்தினார்கள்! 1990களில் 2, 4, 6ஆம் உலைகளுக்குக் காற்றினாற் குளிரும் மின்பிறப்பாக்கிகள் சேர்க்கப்பட்டன. 2க்கும் 4க்கும் உரியவை நிலமட்டத்தில் இருந்தபடியால் மூழ்கவில்லை. ஆனால், அவற்றின் மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் ஆளிப்பலகைகள் நிலக்கீழ் அறையில் இருந்தன. அவை மூழ்கின. பழுதுபடாத இயந்திரங்கள் எவருக்கும் பயனின்றி நின்றன. மின்சாரம் வழங்கும் ஊர்திகள் வந்து சேர்ந்தபோதும், கம்பியை இணைக்க நனையாத பலகையைத் தேட வேண்டியிருந்தது. ஊழியர்கள் கார்களின் மின்கலங்களைக் கழற்றி வந்து அளவுமானிகளுக்கு உயிரூட்டினார்கள். அன்று உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம் அந்த நாடு.

நிறுவனத்தை மட்டும் நோவது நியாயமன்று. நீண்டநேர முழு மின்னிழப்பைக் கவனத்திற் கொள்ளத் தேவையில்லை என்று ஜப்பானின் அணுப் பாதுகாப்பு ஆணைக்குழு 1990இல் வழிகாட்டியே எழுதி வைத்தது. மின்கம்பிகளோ காப்பு இயந்திரங்களோ திருத்தப்படும் என எதிர்பார்க்கலாமாம். மூன்றே ஆண்டுகளில், 1993 மார்ச் 31ஆந் திகதி, இந்தியாவின் நரோரா நிலையத்தில் தீப்பிடித்து, வழமையான மின்சாரத்தின் கம்பிகளோடு காப்பு மின்சாரத்தின் கம்பிகளும் எரிந்தன. சுமார் 17 மணிநேரம் அந்நிலையம் மின்சாரமின்றிக் கிடந்தது. வழிகாட்டியின் வசனமோ 2011 வரை மாறவில்லை.

எதிர்பாராததா? 15.7 மீற்றர் வரை அலை எழக்கூடும் என்ற கணிப்பு 2008இலேயே டெப்கோவின் கையில் இருந்தது. 1 முதல் 4 வரையான உலைகள் நின்ற தரையின் உயரம் 10 மீற்றர். கணிப்பை மேலும் ஆராய வேண்டும் என்று காலம் கடத்தினார்கள். ஆளிப்பலகைகளை மேல்மாடிக்கு மாற்ற அந்த மூன்று ஆண்டுகள் போதாவா?

அதே கடற்கரையின் தெற்கே, வேறொரு நிறுவனத்தின் டோக்காய் இரண்டாம் நிலையம் இருக்கிறது. இபராக்கி மாகாணம் 2007இல் வெளியிட்ட புதிய சுனாமிக் கணிப்பைப் பார்த்து, கடல்நீர்ப் பம்பிகளைக் காக்கும் சுவரை 6.1 மீற்றருக்கு உயர்த்தினார்கள். 2011இல் அங்கு வந்த அலை ஏறத்தாழ 5.4 மீற்றர். அடைப்பு வேலை முடியாதிருந்த ஒரு பகுதியால் நீர் புகுந்து மூன்று மின்பிறப்பாக்கிகளுள் ஒன்று நின்றது. மற்றைய இரண்டும் ஓடின. மார்ச் 15ஆந் திகதி அந்த உலை பாதுகாப்பாகக் குளிர்ந்தது.