கையில் காசு வந்துவிட்டது... கணக்கு எப்போது வரும்?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு 36,000 ரூபாய் வரை வந்து சேர்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பணத்தை எப்படிக் கையாள்வது என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்தவர் யார்?

ஊத்தங்கரைப் பகுதியில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டும் ஓசூர்த் தொழிற்சாலைகளும் நம் பிள்ளைகளைப் படிப்பு முடிந்த கையோடு அழைத்துக்கொள்கின்றன. இருபது, இருபத்தொரு வயதில் முதல் சம்பளம். கூடவே செல்போன் தவணை, பைக் தவணை, பத்தே நிமிடத்தில் கடன் தரும் ஆப்.

5,000 ரூபாய் கடன் என்று சொல்லி, 1,000 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு 4,000 தருகிறார்கள், ஒரு மாதத்தில் 5,000 கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'வட்டி இல்லை' என்று விளம்பரம் சொன்னாலும் இது மாதத்துக்கு 25 சதவீதம், ஆண்டுக்கு 300 சதவீதம். இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். கேட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

பங்குச்சந்தை ஊக வணிகத்தின் கதையும் இதுதான். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24இல் இதில் ஈடுபட்டவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழானவர்கள்.

'ஹலால்' என்ற பெயரில்...

நமது சமுதாயத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வட்டியைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்கள் சேமிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கின்றன. இந்தியாவில் இஸ்லாமிய வங்கி இல்லை. அந்தத் திட்டத்தைத் தொடரப் போவதில்லை என்று 2017இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இந்த இடைவெளியில்தான் மோசடி நுழைகிறது.

நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூருவில், ஐ மானிட்டரி அட்வைசரி என்ற ஐ.எம்.ஏ. நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லிப் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் முகம்மது மன்சூர் கான் நாட்டை விட்டுப் போனார். ஜூலையில் டெல்லியில் கைது செய்யப்பட்டார். மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணமெல்லாம் அதில் சிக்கியது. இது ஒரு சமூகத்தின் ஏமாளித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழகத்தில் ஆருத்ரா நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாக வழக்கு நடக்கிறது.

மார்க்கம் தெரிந்தவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். லாப நஷ்டத்தில் பங்கு என்றால், நஷ்டமே வராமல் மாதாமாதம் லாபம் மட்டும் எப்படி வரும்? நிச்சயமான தொகை தருகிறேன் என்று சொன்னால், 'ஹலால்' என்ற பெயர்ப்பலகை அங்கேயே உடைந்துவிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்வதைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது.

கல்லூரியில் எதைக் கற்பிக்கலாம்?

முதலில் சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுத் தரலாம். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 12 சதவீதம் பி.எஃப். பிடிக்கிறார்கள், நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடித்தம், குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். எண் மாறாது. இது தெரியாமல் ஒவ்வொரு முறையும் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிப்பவர்கள் ஏராளம். பி.எஃப். வட்டி குறித்த மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

அடுத்து, கடனின் உண்மையான விலையைக் கணக்கிடுவது, ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைப்பது, 2.5 சதவீத ஸகாத்தை முறையாகக் கணக்கிடுவது. முதலீடு கேட்டு வருபவர் செபியிலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு செய்தவரா என்று பார்ப்பதும் பாடமாக வேண்டும். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 'சாசெட்' தளத்தில் புகார் செய்யலாம். இணைய மோசடி என்றால் உடனே 1930.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி, செபி முதலிய அமைப்புகள் உருவாக்கிய தேசிய நிதிக் கல்வி மையம், பட்டதாரி மாணவர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது. கல்லூரி நிர்வாகங்கள் அதைக் கேட்டுப் பெறலாம். ஜமாஅத்துகளும் ஆலிம் ஒருவரையும் வங்கி அனுபவமுள்ள ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, மாணவர்களுக்கு விடுமுறை வகுப்பு நடத்தலாம்.

பெற்றோர்களே! வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அத்தா வாங்கிய கடன் எவ்வளவு, அக்கா திருமணத்துக்கு ஆன செலவு எவ்வளவு என்று தெரிந்த பிள்ளை, முதல் சம்பளத்தை வேறு கண்ணோடு பார்க்கும். இந்த மாதமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நாளை யார் 'ஹலால் லாபம்' என்று வந்தாலும் முதல் கேள்வியை அந்தப் பிள்ளையே கேட்கும்.